மார்கழியில் காத்த வேலி பங்குனியில் ஏன் கைவிட்டது

திருப்புல்லாணியில் இருந்து சேதுக்கரை போகும் பக்கமாக, கடலில் இருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மணற்கொல்லை இருக்கிறது. முப்பது பனைகளும் இரண்டு வேம்புகளும் நிற்கும் அந்த நிலத்தில், கொடி ஆடுகளும் சில ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறிகளுமாக 34 உருப்படிகளை வளர்க்கிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மழை ஓய்ந்த ஒரு மார்கழியில், 400 மீட்டர் சுற்றளவுக்கு ஐந்து வரிசைக் கம்பி இழுத்துச் சூரிய மின்வேலி போட்டோம். தை முழுவதும் ஓர் ஆடுகூட அதைத் தாண்டவில்லை. இரவில் பட்டியைச் சுற்றிவந்த நாய்களும் ஒருமுறை மூக்கில் வாங்கிக்கொண்ட பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. பங்குனி இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் விடிந்து பார்த்தபோது, மொத்த மந்தையும் பக்கத்துக் கொல்லையில் பழுத்து நின்ற குண்டு மிளகாய்க்குள் இருந்தது. கருவியின் விளக்கு வழக்கம்போல மின்னிக்கொண்டிருந்தது, டிக் டிக் என்ற சத்தமும் தவறவில்லை, பாட்டரியும் நிறைந்தே இருந்தது. ஆடுகள் மட்டும் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, வெறும் கொடிக்கயிற்றைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு போயிருந்தன.

மிளகாய்க்காரருக்கு நட்டத்தைக் கொடுத்துவிட்டு, வேலி போட்டுத் தந்தவரைத் தொலைபேசியில் அழைத்தேன். கருவியின் திறன் போதவில்லை, இதைவிட இரு மடங்கு பெரியதை வாங்குங்கள் என்றார். நானும் வாங்கியிருப்பேன். அந்த வாரம் எங்கள் கொல்லையில் கிடை போடுவது, அதாவது எருவுக்காக இரவில் மந்தையை நிலத்தில் அடைப்பது, பற்றிப் பேச வந்த கீதாரி (மந்தை மேய்ப்பவர்) ஒருவர்தான் அதைத் தடுத்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்று, புறங்கையால் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். “மழைக்குப் பெறகு வந்தப்பத் தொட்டேன், சுண்டி எறிஞ்சுச்சு தாயி. இப்ப எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு. மிசினு அதேதானே? மாறுனது மண்ணுதானே?” என்றார். மின்வேலி பற்றி எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. நம் கடற்கரையில் கால்நடைக்கு மின்வேலி போட நினைப்பவர்கள் கருவியின் விலையைக் கேட்பதற்கு முன்பு மணலையும் உப்பையும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

மின்வேலிக் கருவி தொடர்ச்சியாக மின்சாரம் அனுப்புவதில்லை. ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒரு முறை, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு, சில ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் ஒரு துடிப்பை மட்டும் கம்பியில் ஏற்றுகிறது. கம்பியைத் தொட்ட ஆட்டின் உடலுக்குள் நுழைகிற அந்தத் துடிப்பு குளம்பு வழியாக மண்ணில் இறங்கி, மண்ணுக்குள்ளேயே நடந்து, கருவிக்கு அருகில் புதைத்திருக்கும் எர்த் கம்பிகளை வந்தடைந்தால்தான் வட்டம் முழுமையாகும். அப்போதுதான் ஆட்டுக்கு வலிக்கும். ஆகவே வேலியில் பாதி நம் கண்ணுக்குத் தெரிகிற கம்பி, மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாத மண். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையில் நனைந்து கிடக்கும் எங்கள் மணல், அந்தப் பாதி வேலையை நன்றாகவே செய்கிறது. பங்குனி வெயிலில் மேலே ஒரு முழம் ஆழத்துக்கு மணல் வறண்டு போனால், அது ஏறத்தாழ மின்கடத்தாப் பொருளாகிவிடுகிறது. உலர்ந்த குளம்பும் உலர்ந்த மணலும் சேர்ந்தால், ஆடு செருப்புப் போட்டுக்கொண்டு நிற்பதற்குச் சமம்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கருவியை அணைத்துவிட்டு, அதில் இருந்து நூறு மீட்டருக்கு அப்பால், இரண்டு மூன்று இரும்புக் கடப்பாறைகளை மண்ணில் அடித்து மின்கம்பியின் மேல் சாய்த்து வைக்க வேண்டும். மீண்டும் இயக்கும்போது வேலியின் அழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எங்கள் மணலில் கடப்பாறையின் அடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் இறங்குகிறது. அதன் பிறகு வேலிக்கான வோல்ட் மீட்டரால் எர்த் கம்பியை அளந்தால் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எனக்கு 1,800 காட்டியது. தோண்டிப் பார்த்தபோது, மூன்றடி நீளத்தில் மூன்றே கம்பிகள், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில், சாம்பல்போல் உலர்ந்த மணலில் நின்றுகொண்டிருந்தன. இந்த நிலையில் நான் இரு மடங்கு பெரிய கருவியை வாங்கியிருந்தாலும் ஆடுகள் மிளகாய்க்குத்தான் போயிருக்கும்.

அவற்றைப் பிடுங்கிவிட்டு, நாகப்பூச்சுள்ள, அதாவது துத்தநாகம் பூசிய, பத்தடிக் குழாய்கள் மூன்றை, பத்தடிக்கு ஒன்றாக, கொல்லையின் தாழ்ந்த மூலையில் எங்கள் பாட்டி காலத்தில் குடிநீர் ஊற்று தோண்டிய இடத்தில் இறக்கினோம். அங்கே கோடையிலும் எட்டு ஒன்பது அடியில் ஈரம் தட்டும். வீட்டு மின்சாரத்தின் எர்த் இருக்கும் இடத்தில் இருந்து குறைந்தது பத்து மீட்டராவது தள்ளியே இவை இருக்க வேண்டும். உவர்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பது இந்தக் கரையில் நமக்குக் கிடைத்த வசதி. அதே உவர்நீர் குழாயைத் தின்றுவிடும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. அதனால் ஆண்டுக்கு ஒரு முறை, ஆடியில், தலைப்பக்கத்தைத் தோண்டி அரிப்பைப் பார்க்கிறேன்.

ஆனால் எர்த் குழாய் ஈரத்தைத் தொட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் ஆடு நிற்கும் இடம் இன்னும் வறண்டே இருக்கிறது. இதற்கு உலர்நிலங்களில் செய்யும் மாற்று, வேலிக்குள்ளேயே எர்த் கம்பியை ஓடவிடுவது. எங்கள் ஐந்து வரிசையில் தரையில் இருந்து 6, 13, 21, 30, 40 அங்குல உயரத்தில் கம்பிகள் உள்ளன. இவற்றில் ஒன்று, மூன்று, ஐந்து ஆகியவற்றில் மின்துடிப்பு ஓடுகிறது. இரண்டாவதும் நான்காவதும் எர்த் குழாயோடு இணைந்திருக்கின்றன. கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைக்கும் ஆடு ஒரே நேரத்தில் இரண்டு வகைக் கம்பியையும் தொடும். துடிப்பு மணலின் தயவை எதிர்பாராமல் அதன் உடல் வழியாகவே திரும்பிவிடும். இந்த மாற்றத்துக்குக் கூடுதல் கம்பி ஒரு மீட்டர்கூட வாங்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை மாற்றி இணைத்தோம், அவ்வளவுதான். இதில் ஒரு குறையும் உண்டு: தொய்ந்த கம்பி அடுத்ததைத் தொட்டால் வேலி முழுவதும் செத்துவிடும். அதனால் கம்பிகளுக்கு இடையில் விலக்குக் குச்சிகள் வைப்பதும், இழுவையை அவ்வப்போது சரிபார்ப்பதும் கட்டாயமாகிறது.

கருவியைத் தேர்ந்தெடுப்பது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. “இத்தனை கிலோமீட்டர் வரை இயங்கும்” என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒரே கம்பி, புல் படாத வேலி, நனைந்த மண் என்ற கணக்கில் சொல்லப்படுவது அது. வெளியே தள்ளும் ஆற்றல் எத்தனை ஜூல் என்று கேளுங்கள், சேமிக்கும் ஆற்றலைச் சொல்லி அதற்கு மேல் பேசாதவர்களிடம் வாங்காதீர்கள். மின்சாரம் ஓடும் மூன்று கம்பிகளும் சேர்த்து எங்களுக்கு 1,200 மீட்டர்தான். 2 ஜூல் வெளியீடு தாராளமாகப் போதுகிறது. மாடுகளுக்கு வேலியில் 3,000 வோல்ட் நின்றால் போதும், அவற்றுக்கு ஒன்றோ இரண்டோ கம்பிகூடப் போதும். மயிர் அடர்ந்த, பிடிவாதம் மிகுந்த ஆடுகளுக்கு 4,000-க்குக் குறையக் கூடாது.

பாட்டரிக் கணக்கை நாமே போட்டுவிடலாம். எங்கள் கருவி 12 வோல்ட்டில் ஏறத்தாழ கால் ஆம்பியர் இழுக்கிறது. இரவும் பகலும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் மணி. கார்த்திகையில் ஐந்து நாள் சூரியனே தலைகாட்டாமல் போவது இங்கே புதிதல்ல, ஆக 30 ஆம்பியர் மணி. ஈய அமிலப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 60 ஆம்பியர் மணி பாட்டரியாக வைத்தோம். சூரியத் தகட்டைத் தெற்குப் பார்த்து, சற்றுச் சாய்வாக வைத்தால், மழையே அதன் மேல் படிந்த தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிவிடும்.

இனி உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலி போட்ட இரண்டாம் ஆண்டு ஆனி மாதத்தில், மீட்டரில் ஒரு விசித்திரம் கண்டேன். நண்பகலில் 6,800 வோல்ட் காட்டிய வேலி, விடியற்காலை ஐந்தரை மணிக்கு 3,900-க்கு இறங்கியிருந்தது. கம்பி எங்கும் அறுந்திருக்கவில்லை, புல்லும் படவில்லை. அடுத்த நாள் நிலா இல்லாத பின்னிரவில் வேலியோரமாக நடந்தபோது காரணம் தெரிந்தது. கடல் பக்கத்து வரிசையில், கம்பி தூணைத் தொடாமல் பிடித்து நிற்கும் ஒவ்வொரு இன்சுலேட்டரின் மேலும், துடிப்புக்கு ஒரு முறை, எறும்பு ஊர்வதுபோல் ஒரு நீலப்பொறி கம்பியில் இருந்து தூணை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. காது கொடுத்தால் சட் சட் என்று கேட்டது. தென்கடலில் இருந்து சோளகக் காற்று கொண்டுவரும் உப்பு இன்சுலேட்டர் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. வெயிலில் அது உலர்ந்திருக்கும்வரை தொல்லை தருவதில்லை; பனி இறங்கி நனைத்தவுடன் மின்சாரம் நடக்கும் பாதையாகிவிடுகிறது. எனவே இந்தக் கரையில் வேலியை ஒரு நாளில் இருமுறை அளக்க வேண்டும்: உப்பின் குற்றத்தைச் சொல்வது விடியற்காலை, மணலின் குற்றத்தைச் சொல்வது உச்சிப்பொழுது. நண்பகலில் மட்டும் அளந்து, எல்லாம் நலம் என்று நினைத்திருப்பவரின் ஆடுகள் கோழி கூவும் நேரத்தில் வெளியேறிவிடும்.

காற்று காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, கருவியை அணைத்துவிட்டு, கைத்தெளிப்பானால் நல்ல தண்ணீர் அடித்து இன்சுலேட்டர்களைக் கழுவுகிறோம். எங்கள் கிணற்று நீர் உவர் என்பதால் அதைத் தொடுவதில்லை. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பைப் பூசியதாகும். தொட்டியில் பிடித்து வைக்கும் மழைநீரே இதற்குப் போகிறது. இன்சுலேட்டருக்குப் பதிலாகத் தோட்டத்துப் பிளாஸ்டிக் குழாயை வெட்டிச் செருகுவதை இந்தப் பக்கம் பல கொல்லைகளில் பார்க்கிறேன். ஓர் ஆண்டு வெயிலில் அது வெடித்து, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாத நிலையை உண்டாக்கிவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையில் செய்த, நீண்ட விளிம்புள்ள இன்சுலேட்டர்கள் சற்று விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் காசு வீண்போகாது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கைவைத்தியம் சொல்கிறேன். இலங்கை வானொலி கேட்ட பழைய டிரான்சிஸ்டர் இந்தக் கரையில் பல வீடுகளில் இன்னும் பரண் மேல் கிடக்கும். அதை மீடியம் வேவில், நிலையம் எதுவும் வராத இடத்தில் வைத்து, வேலியோரமாக எடுத்துக்கொண்டு நடந்தால், மின்சாரம் பொறி பறந்து ஒழுகும் இடத்தை நெருங்க நெருங்க டக் டக் என்ற ஒலி கூடிக்கொண்டே போகும். எங்கள் அப்பாவின் டிரான்சிஸ்டரைக் கொண்டு, வெளிப்பார்வைக்கு முழுதாகத் தெரிந்த, உள்ளே மயிரிழை விரிசல் விட்ட ஓர் இன்சுலேட்டரை கால்மணி நேரத்தில் பிடித்தேன். வீட்டு வயரிங்குக்குப் பயன்படுத்தும் மல்டிமீட்டரை மட்டும் இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள். அது இந்த அழுத்தத்தைத் தாங்காது.

கம்பியில் கஞ்சத்தனம் கூடாது. நாகப்பூச்சு தடிமனாக உள்ள, 2.5 மில்லிமீட்டர் உயர் இழுவைக் கம்பியே இங்கே நிற்கும். மெல்லிய பூச்சுள்ள கம்பி இரண்டு காற்றுக் காலத்தில் செம்பழுப்பாகிவிடுகிறது. எங்களுக்கு வேலி போட்டவர் இணைப்புகளில் செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தார். உப்புக் காற்றில் செம்பும் நாகமும் தொட்டுக்கொண்டால் நாகம் முதலில் அரிபடும். ஒரே ஆண்டில் அந்த முடிச்சுகள் வெள்ளைப் பொடி பூத்து நின்றன. இப்போது எல்லா இணைப்பும் நாகப்பூச்சுக் கிளாம்புகளில்தான். வாசலுக்கு அடியில் கொண்டுபோகும் கம்பிக்கு வீட்டு ஒயர் உதவாது. அதன் உறை 8,000 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. மின்வேலிக்கென்றே விற்கும் இரட்டை உறைக் கம்பியைக் குழாய்க்குள் இட்டு, மழைநீர் புகாதபடி இரு முனையையும் கீழ்நோக்கி வளைத்து வையுங்கள். தூண்களில் மூலைக்குக் கல்தூணே நல்லது, மணலில் குறைந்தது மூன்றடி இறங்க வேண்டும். கான்கிரீட் தூணுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, தூணையே பிளந்துவிடுவதை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள்.

முள்கம்பியில் எக்காரணம் கொண்டும் மின்சாரம் ஏற்றாதீர்கள். முள்ளில் மாட்டிக்கொண்ட உயிர் விலக முடியாமல் துடிப்புக்குத் துடிப்பு வாங்கும். கொம்புள்ள ஆடுகளுக்கு வலைபோன்ற மின்வேலியும் ஆகாது என்பது என் எண்ணம்.

கன்னுக்குட்டியோ ஆட்டுக்குட்டியோ, வேலியைப் பழக்கித்தான் விட வேண்டும். புதிய ஆட்டை மின்வேலிக்குள் நேராக அவிழ்த்துவிட்டால், அதிர்ச்சியில் முன்னே பாய்ந்து அறுத்துக்கொண்டு போய்விடும். பனைமட்டை வேலி அடைத்த சிறிய பட்டிக்குள் இரண்டு கம்பியை ஓடவிட்டு, அதற்கு அப்பால் கடலைக்கொடியைப் போட்டு வைப்பேன். சென்ற ஆண்டு வாங்கிய ஒரு கொடிக் கிடா, கழுத்தை நீட்டி, கம்பியை முகர்ந்து, ஈர மூக்கால் தொட்டது. நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டன. பிறகு அரைமணி நேரம் கடலைக்கொடியையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஈரமான மூக்கு முதலில் தொடுவதே சரியான பாடம். மூன்று நாள் இப்படி வைத்தால் போதும். மின்வேலிக்கு அருகில் எந்தக் கால்நடையையும் கயிற்றில் கட்டக் கூடாது. விலகி ஓட வழி இருப்பதுதான் இந்த வேலியின் அடிப்படையே.

ஓட வழியிருந்தும் ஓடாத உயிரும் உண்டு. ஆமை அதிர்ந்தால் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கும், அடுத்தடுத்த துடிப்புகளில் இறந்தும் போகும். அதனால் கீழ்க்கம்பியை ஆறு அங்குலத்துக்குக் கீழே இறக்குவதில்லை. அதற்குத் தனி சுவிட்சும் வைத்திருக்கிறோம். மழைக்குப் பிறகு புல்லும் சீமைக்கருவேலக் கன்றுகளும் எழும்பிக் கீழ்க்கம்பியைத் தொடும் வாரங்களில், வெட்டி முடிக்கும்வரை அதை மட்டும் துண்டித்துவிடலாம்.

இப்போது நான் எழுதப்போவதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் மின்சாரத்தையோ நேராகக் கம்பியில் இழுத்துவிடுவதையும் சிலர் மின்வேலி என்கிறார்கள். அது வேலியல்ல, கொலைக்கருவி. 230 வோல்ட் இடைவிடாமல் ஓடும்போது தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், தொட்டவரால் விட முடியாது. மின்வேலிக் கருவியின் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே விலகிக்கொள்ளக் கிடைக்கும் நேரம் அங்கே கிடையாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத வேலியில் மூன்று யானைகள் இறந்தன. பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் இறக்கும் செய்தி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. அதே 2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால் கம்பி வாங்குவதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கருவி இந்தியத் தர நிர்ணயம் 302-2-76-க்கு உட்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். சூரிய மின்வேலிக்கு மானியத் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். பாதையோரம் முழுவதும் மஞ்சள் பலகையில் “மின்வேலி” என்று எழுதித் தொங்கவிடுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்காக எங்கள் பலகையில் கையும் மின்னலும் வரைந்திருக்கிறது.

இடி மின்னலுக்கு இடிதாங்கிச் சாதனம் ஒன்றைக் கருவிக்கு முன்னால், தனி எர்த்தோடு வைத்திருக்கிறோம். ஆனாலும் ஐப்பசியில் வானம் இருண்டால், யாராவது ஓடிப்போய் வேலிக்கம்பியைக் கருவியில் இருந்து கழற்றிவிடுவதே வழக்கம். அந்த நேரத்தில் ஆடுகள் பட்டிக்குள் இருக்கும். மூன்றாம் ஆண்டில் எங்கள் வடக்குப் பனை ஒன்றில் இடி விழுந்து அதன் தலை கருகியது. கம்பி கழற்றியிருந்ததால் கருவி தப்பியது.

இந்த வாரம் வாடைக் காற்று திரும்பியிருக்கிறது. இன்று விடியலில் 5,600, உச்சியில் 6,900, எர்த் குழாயில் 200. தென்மேற்கு மூலையின் கிளாம்பு ஒன்றில் துரு தலைகாட்டுகிறது, மழை இறங்குவதற்குள் மாற்ற வேண்டும். கீதாரி சித்திரையில் கிடையோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருடைய ஆடுகளுக்கு இந்த வேலி பழக்கமில்லை என்பதால், அந்தப் பத்து நாளும் மேற்குப் பக்கத்தில் பனைமட்டை அடைத்துவிடலாம் என்று இருக்கிறோம்.